தண்ணீர் ஊற்றாத கல்

சிவப்புக்கு நடுவே கறுப்பாகக் கிடக்கிறது அது, இன்னும் சுடுமோ என்று யாரும் கிட்டே போகவில்லை, உச்சி வெயில், களம் முழுக்கக் காயப்போட்ட மிளகாய், காலையில்தான் கிண்டிவிட்டிருக்கிறார்கள், அந்தச் சிவப்பின் மத்தியில் ஆள் தலை அளவுக்கு ஒரு கல், சோற்றுப்பானையின் அடியில் பிடித்த கரி போல மங்கிய கறுப்பு, விழுந்த வேகத்தில் ஓரம் உடைந்து சில்லுகள் தெறித்திருக்கின்றன, பக்கத்தில் முளைக்குச்சியில் கட்டிய, மிளகாய் நிறத்துச் செவலை ஆடு காலை நீட்டிப் படுத்திருக்கிறது, தூங்குகிறது என்றுதான் முதலில் தோன்றும், சினை ஆடு அப்படித்தானே படுக்கும், அப்புறம்தான் கழுத்து திரும்பியிருக்கும் கோணம் தெரியும், அதற்கும் அப்புறம்தான் ஆட்டை வளர்த்த சண்முகக்கனி கத்துவாள். இதில் எதையும் நான் பார்க்கவில்லை, அந்த நேரம் நான் சென்னையில் ஆய்வகத்துக் கேன்டீனில் தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தேன், ஆனால் சண்முகக்கனி எனக்கு அதைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் களத்து ஓரத்தில் நிற்கிறேன், வத்தல் நெடி மூக்கில் ஏறுகிறது, தும்மல் வருகிறது, வானத்தில் இடி இடித்து அடங்கிய பிறகு மேகமே இல்லையே என்று அண்ணாந்து பார்க்கிறேன், இப்போதெல்லாம் எது அவள் பார்த்தது, எது நான் பார்த்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வராது.

வானத்திலிருந்து விழும் கல்லை உடைத்துப் பார்த்து உனக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்பது என் பிழைப்பு. விண்கற்களுக்கும் குலம் கோத்திரம் உண்டு, யாரும் நம்பமாட்டார்கள், ஒரே தாய்க்கல்லிலிருந்து உடைந்து வந்ததையெல்லாம் ஒரு குடும்பமாகச் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறோம், இரும்பு இவ்வளவு, மக்னீசியம் இவ்வளவு, கரி இவ்வளவு என்று பார்த்ததுமே இது இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம், பெரும்பாலும் சொல்லிவிடுவேன், எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்கு இல்லாத கர்வமா. சூரியனுக்குப் பக்கத்தில் இன்னும் பூமியே உருண்டு திரளாத காலத்தில் தூசும் பனியுமாகச் சேர்ந்து, அதற்கப்புறம் ஒரு தடவைகூட உருகாமல், அப்படியே நானூற்று ஐம்பது கோடி வருஷம் சும்மா கிடந்த கற்கள் சில உண்டு, ஆதிக் கற்கள், அவற்றில்தான் எனக்கு மோகம், அவற்றில்தான் சிலது எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லவே முடியாமல் முரண்டுபிடிக்கும். ஒத்தப்பனையில் கல் விழுந்தது என்று செய்தி பார்த்ததும் பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன், கோவில்பட்டியில் இறங்கி, விளாத்திகுளம் பஸ் பிடித்து, அங்கிருந்து ஒரு ஆட்டோ, இரண்டு பக்கமும் கரிசல், கண்ணுக்கு எட்டிய மட்டும் கறுப்பு மண், இந்த மண்ணில் விழுந்திருந்தால் தேடியே செத்திருப்போம், நல்லவேளை மிளகாய்க் களத்தில் விழுந்தாய் என்று ஆட்டோவிலேயே அதற்கு நன்றி சொன்னேன், ஆடு செத்த விஷயம் எனக்கு அப்போது தெரியாது.

போனபோது கல் ஊர்மடத்துக்கு எதிரே பீடத்தில் உட்கார்ந்திருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தே இல்லாத கல்லுக்கு ஒரு அரளி மாலை, மேலே பால் வடிந்து காய்ந்த தடம். இந்த மாதிரிக் கல்லில் ஈரமே படக்கூடாது. ஐயையோ, தண்ணி ஊத்துனீங்களா என்றேன், பொன்னுலிங்கம் என்று ஒருவர் முன்னால் வந்தார், கோயில் காரியம் பார்க்கிறவர், நல்ல மனிதர், வெள்ளை வேட்டி, ஊத்தாம என்னம்மா, கிணத்துத் தண்ணி நாலு குடம், பாலு ரெண்டு செம்பு, ஒவ்வொரு சில்லையும் பொறக்கி ஒரு பொட்டு விடாம குளிப்பாட்டியாச்சு என்றார் பெருமையாக, நம்ம ஊருல ஒருத்தர் புதுசா காலு வச்சா மொதல்ல தண்ணி குடுக்கணுமில்லா, அது பொறவுதான் மத்த பேச்சு, இவரு எம்புட்டுத் தொலைவுல இருந்து வந்திருக்காரு. சொல்லிக்கொண்டே என் கையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்தார், குடித்தேன், லேசாக உப்புக் கரித்த தண்ணீர், அண்ணாந்து குடித்து முடித்து வாயைத் துடைக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, நீங்க என்ன ஆளுக என்றார். தண்ணீர் முதலில், கேள்வி பிறகு, ஒழுங்கான ஊர்தான். நான் சிரித்தேன், எங்கப்பா ஒரு ஆளு, எங்கம்மா வேற ஆளு, ரெண்டு பக்கமும் எங்களச் சேத்துக்கிடல, அதனால நான் எந்த ஆளும் இல்ல என்றேன், அப்படியும் உண்டா என்பது போல் அவர் தலையாட்டினார், கூட்டத்தின் பின்னால் ஒரு பெண் மட்டும் களுக்கென்று சிரித்தாள், என் வயதுதான் இருக்கும், அதுதான் சண்முகக்கனி, பொன்னுலிங்கத்தின் அண்ணன் மனைவி, அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவின் ஊருக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், ஏழு வயது இருக்கும், வெயிலில் வாசலில் நிற்கிறோம், உள்ளே ஆட்கள் நடமாடுகிறார்கள், அம்மாவின் கையில் நான் தொங்குகிறேன், தாகம் என்கிறேன், உள்ளே குடம் தெரிகிறது, யாரும் வெளியே வரவில்லை, அன்னந்தண்ணி பொழங்குறது இல்லைன்னு ஆனபிறகு நிக்காதீங்க என்று யாரோ சொல்கிறார்கள், அம்மா என் கையை இழுத்துக்கொண்டு நடக்கிறாள், பஸ் ஸ்டாண்டில் கலர் சோடா வாங்கித் தருகிறாள், ஆரஞ்சுக் கலர், இன்றைக்கும் அந்த நிறத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், அழுகை வராது.

குளிப்பாட்டிய சில்லில் ஒன்றைப் பொன்னுலிங்கம் மனசில்லாமல் கொடுத்தார். கொண்டுவந்து அறுத்தேன், பொடித்தேன், இயந்திரங்களுக்குத் தின்னக் கொடுத்தேன், வந்த எண்களைப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றேன். ஆக்சிஜனில் எடை வித்தியாசப்பட்ட மூன்று வகை உண்டு, எந்தக் கல்லில் எந்த வகை எவ்வளவு என்பதுதான் கல்லின் பிறந்த ஊர், அதை மறைக்க எந்தக் கல்லாலும் முடியாது, நாங்கள் அதை ஒரு படத்தில் புள்ளி வைத்துப் பார்ப்போம், இதுவரை விழுந்த ஆதிக் கற்கள் எல்லாம் தத்தம் குடும்பத்தோடு கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும், ஒத்தப்பனைக் கல்லின் புள்ளி யாரோடும் உட்காரவில்லை, ஓரமாக, தனியாக, காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. மறுபடி செய்தேன், மறுபடியும் அங்கேயே. அடி சக்கை என்று சத்தமாகவே சொன்னேன். எங்கள் ஆய்வகத்தின் தலைவர் தேவசகாயம், நாகர்கோவில்காரர், கெட்டிக்காரர், எதையும் லேசில் நம்பமாட்டார், அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும், அவர் படத்தைக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். இது கல்லு பேசுதா, கிணத்துத் தண்ணி பேசுதா என்றார். சார், நாலு குடம் தண்ணி ஊத்துனதுல பாறைக்குள்ள இருக்கிற ஆக்சிஜன் மாறாது என்றேன். இந்தக் கல்லு சாதாப் பாறையா, தண்ணி பட்டா புட்டு மாதிரி உதிருது, உள்ள உப்பு இருந்துருக்கணும், ஒரு துணுக்கு இல்ல, எல்லாம் கரைஞ்சு போயிருக்கு, கரைஞ்சது போக மிச்சத்த வச்சுக்கிட்டு நீ இதுக்கு இனமே இல்லன்னு சொல்லுத, அப்படியே பேர் வைக்கிற கமிட்டிக்கு அனுப்புனா அவனுக சிரிப்பானுக, பேசாம பக்கத்துல இருக்கற குடும்பத்துல சேத்து எழுதிரு, நாளைக்கு வேற எவனாவது மாத்தட்டும். நான் சேக்கமாட்டேன் என்றேன். பிடிவாதம் பிடிக்காத. பிடிவாதம் இல்ல சார், எனக்குத் தெரியும். தெரியும்னா காட்டு, தண்ணி படாத சில்லு ஒண்ணு கொண்டா, நானே கையெழுத்துப் போடுதேன், இல்லைன்னா சேத்துரு. அது நியாயம்தான், அதுதான் எரிச்சலாக இருந்தது. கல்லை எனக்குத் தெரியும், அது யாரோடும் சேராது, ஆனால் காட்ட முடியாவிட்டால் அதைப் பிடித்து ஒரு வீட்டில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள், காலத்துக்கும் அந்தப் பெயர்தான்.

அந்த வாரம் பகலிலேயே கனவு வந்தது, மேசையில் தலை சாய்த்த மாத்திரத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் நான் இருக்கிறேன், காற்றில் ஈரமே இல்லை, நாக்கு ஒட்டுகிறது, வெளியே வரிசையாக ஆட்கள், வெள்ளை வேட்டி, எல்லாரும் கையில் செம்பு வைத்திருக்கிறார்கள், ஒருவரும் நீட்டமாட்டேன் என்கிறார்கள், என்ன ஆளு என்ன ஆளு என்று கண்ணாடியைத் தட்டுகிறார்கள், தேவசகாயம் சார்தான் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார், போயி ஒரு காப்பி குடி என்றார். குடிக்கவில்லை, பொன்னுலிங்கத்துக்கு போன் போட்டேன். குளிப்பாட்டாத சில்லு ஏதாவது இருக்குமாண்ணே, தூசு அளவு இருந்தாக்கூடப் போதும். என்னம்மா இப்படிக் கேக்கீங்க, ஒரு பொட்டு விடலன்னு அன்னைக்கே சொன்னம்லா என்று அவர் வருத்தப்படும்போதே அந்தப் பக்கம் ஒரு பெண்குரல், என்ட்ட இருக்கறதுக்கு எவன் ஊத்துனான் என்றது, அதே களுக்குச் சிரிப்பு. போன் கை மாறியது. ஏ மதினி, குடுங்க என்கிறார் அவர், நீரு போம் என்கிறாள் அவள், பிறகு என்னிடம், வேணும்னா நேர்ல வாங்க, வந்து எனக்கு ஒரு பதில் சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்க.

போனேன். மறுபடி அதே ரயில், அதே பஸ், அதே கரிசல், இந்தத் தடவை எதற்கும் நன்றி சொல்லவில்லை. சண்முகக்கனி களத்தில்தான் இருந்தாள், வத்தலைக் காலால் துழாவிக் கிண்டிக்கொண்டு, முளைக்குச்சி அப்படியே இருந்தது, வெறும் கயிறு. வாங்க, எந்த ஆளும் இல்லாத அக்கா என்றாள், என்னைவிட இரண்டு வயது குறைவு என்று பிறகு கணக்குப் போட்டோம். களத்தை ஒட்டிய வீட்டுக்குள் போய் ஒரு தகர டப்பாவை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டாள், மூடியைத் திறந்தாள், மேல்வரை மொறுமொறு வத்தல், கையை விட்டு அடியிலிருந்து எடுத்தாள், எலுமிச்சம்பழ அளவு, கறுப்பு, உடைந்த பக்கம் புத்தம்புதிதாக, ஒரு சொட்டு ஈரம் பார்க்காத ஆதிக் கல். எதுக்கு இதுக்குள்ள போட்டீங்க என்றேன். பின்ன, எஞ் செவலையக் கொன்ன கல்லுக்கு நான் பால் ஊத்தவா, நான் பெத்த பிள்ளை மாதிரி வளத்தேன், வயித்துல ரெண்டு குட்டி, கொழுந்தன் கண்ணுல பட்டா தூக்கிட்டுப் போயி குளிப்பாட்டிருவாரு, வெளிய எறியவும் மனசு வரல, விட்டுட்டா எப்படி, அதான் வத்தலுக்குள்ள போட்டு மூடுனேன், காரத்துல கெடந்து சாவட்டும்னு, எனக்கும் அதுக்கும் அன்னந்தண்ணி கெடையாது பாத்துக்கிடுங்க. நான் சிரித்துவிட்டேன், அவளுக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது. இந்த ஊருல எல்லாரும் சொல்லுதாக, சாமி பலி கேட்டுச்சு, போன வருசக் கோயில் கொடைக்கு நான் நேந்த கெடாய விடல, அதான் தானா எறங்கி வந்து எடுத்துக்கிடுச்சுன்னு, எம் புருசனும் சொல்லுதாரு, அப்ப எங் குத்தத்துக்குத்தான் அது செத்துச்சா, நீங்க படிச்சவுக, பூசி மெழுகாமச் சொல்லுங்க, இது சாமியா கல்லா.

அவள் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ கூட்டத்தில் எத்தனையோ பேர் என்னிடம் இந்த மாதிரிக் கல்லைப்பற்றி எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள், ஒருவரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. கும்பிடுறவுக கும்பிடட்டும், நான் அவுகளுக்குப் பதில் சொல்லல, உங்களுக்குச் சொல்றேன், கல்லுதான் என்றேன், பூமி பொறக்கறதுக்கு முன்னாடி உண்டானது, அன்னையிலிருந்து சுத்திக்கிட்டே கெடந்துச்சு, அதுக்குக் கண்ணு கிடையாது, கொடை தெரியாது, நீங்க நேந்தது தெரியாது, உங்க செவலை அங்க கட்டிக் கெடந்ததும் தெரியாது. தெரியாமத்தான் விழுந்துச்சா. தெரியாமத்தான். எம்மேல குத்தம் ஒண்ணும் இல்லியா. உங்கமேல ஒரு துரும்பும் இல்ல. சண்முகக்கனி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், நன்றாக, சத்தம் போட்டு, ஆடு செத்து இத்தனை நாளில் அன்றைக்குத்தான் ஆட்டுக்காக மட்டும் அழுகிறாள் என்று எனக்குப் பட்டது. அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள். அப்பச் சரி, தெரியாமச் செஞ்சதுக்கு என்ன பகை, பாவம், அதுவும் எங்கெங்கயோ அலைஞ்சு வந்துருக்கு என்றாள், என்றவள் சட்டென்று எழுந்து பானையில் செம்பை முக்கி எடுத்தாள், பகை தீர்ந்தால் தண்ணீர் கொடுத்துத் தீர்க்க வேண்டும், அதுதானே முறை, கல்லை உள்ளங்கையில் வைத்தாள், செம்பைச் சாய்த்தாள்.

வேண்டாம் என்று நான் கத்திய கத்தலில் களத்து ஓரத்துக் காக்கைகள் எழும்பிவிட்டன. அவள் செம்பைச் சாய்த்தபடியே நிற்கிறாள், விளிம்பில் தண்ணீர் தளும்பி நிற்கிறது, இன்றைக்கும் நிற்கிறது, நான் கண்ணை மூடினால் அது விழாமல் நிற்கும். ஏன் என்றாள், முகம் சுருங்கிவிட்டது, தண்ணி குடுக்காம எப்படி அனுப்ப, நம்ம வாசலுக்கு வந்தத வெறும் வாயோட அனுப்பவா, அது பாவமில்லையா. கரைந்துவிடும், உள்ளே உப்பு இருக்கிறது, அந்த உப்புதான் சாட்சி என்றெல்லாம் எனக்குச் சொல்லத் தெரியும், பாடமே நடத்துவேன், ஆனால் அவள் கேட்டது அது இல்லையே. வாசலில் வெயிலில் நின்ற ஏழு வயதுக்காரி எங்கிருந்தோ வந்தாள். அதுக்குப் பதிலா நான் குடிக்கிறேன் என்றேன். என்னது. அதுக்குக் குடிக்கத் தெரியாது, நான் அது வகைதான், எந்தக் கூட்டத்துலயும் சேராத ஆளு, அதுக்காக நான் குடிக்கிறேன், குடுங்க. சண்முகக்கனி என்னையும் கல்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள், பிறகு கல்லைக் கவனமாக வத்தல்மேல் வைத்துவிட்டு, செம்பை இரண்டு கையாலும் எனக்கு நீட்டினாள். குடித்தேன், ஒரு மடக்கு விடாமல், மேலே சிந்தாமல், தூரத்திலிருந்து வந்த அத்தனை களைப்புக்கும் சேர்த்து, கிணற்றுத் தண்ணீர்தான், உப்புக் கரித்தது, அந்த மாதிரித் தண்ணீரை நான் அதுவரை குடித்ததில்லை. போதுமா, இன்னுங் கொஞ்சம் வேணுமான்னு கேளுங்க அதுட்ட என்றாள். போதுமாம் என்றேன். கல்லைத் துணியில் சுற்றி என் கையில் வைத்தாள்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு உலர்ந்த வேலை. ஈரமே இல்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தண்ணீர் விடாமல் அறுத்தேன், மேல்தோலைச் சுரண்டியெறிந்தேன், தேவசகாயம் சார் எட்டிப் பார்த்துவிட்டு அடுக்கடுக்காகத் தும்மினார், என்னம்மா இது, விண்கல்லா ரசமா என்றார். உள்ளே இருந்தது உப்பு, பொடிப்பொடியாக, வெள்ளையாக, நானூற்று ஐம்பது கோடி வருஷத்து உப்பு, ஒரு கிணறும் கரைக்காத உப்பு. ஆக்சிஜனையும் அளந்தோம், அவரே பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் படித்தார், நான் எண்ணைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன், எனக்குத்தான் தெரியுமே. புள்ளி முன்பு உட்கார்ந்த அதே இடத்தில், ஓரமாக, தனியாக, அசையாமல். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். கிணத்துத் தண்ணி இல்ல என்றார், கல்லுதான் பேசுது, ஒன் கல்லு யாரோடயும் சேரல, எழுது, இனம் இல்லைன்னே எழுது, நான் போடுதேன் கையெழுத்து. எழுதினேன். விழுந்த ஊரின் பெயர்தான் கல்லுக்குப் பெயர், எங்கள் வழக்கம், ஒத்தப்பனை என்று எழுதி, அதன் எதிரே எந்தக் குடும்பத்தின் பெயரும் போடாமல் விட்டேன், அப்பா அம்மா இரண்டு பேரும் உயிரோடு இருந்திருந்தால் அன்று இருவருக்கும் பாயசம் வைத்திருப்பேன்.

இப்போது என் முன்னால் திரையில் அந்தக் கல்லின் குறுக்குவெட்டு. மக்னீசியம் இருக்கும் இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும்படி இயந்திரத்துக்குச் சொல்லியிருக்கிறேன், அதனால் திரை முழுக்கச் சிவப்பு, சின்னச் சின்ன உருண்டைகளாக, நெருக்கமாக, குண்டு மிளகாயை வாரி இறைத்தாற்போல், நடுநடுவே கறுப்பு, உப்பு வெள்ளைப் புள்ளியாக, களத்தில் கல் விழுந்தது போய் கல்லுக்குள் களம் விரிந்து கிடக்கிறது, மூக்கில் நெடி ஏறுகிறது, நான் ஓரத்தில் நிற்கிறேன், மேகம் இல்லாத வானம். படத்தைச் சண்முகக்கனிக்கு அனுப்பினேன், உடனே கூப்பிட்டாள், ஏ அக்கா, இது நம்ம களமில்லா, எப்ப வந்து எடுத்தீக என்றாள், களம் இல்லை, அந்தக் கல்லோட உள்பக்கம் என்றேன், அவள் நம்பவில்லை, நாலு தடவை சொன்னபிறகு நம்பினாள், அதற்குப் பிறகு படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி எதையோ தேடுகிறாள் என்று தெரிந்தது, என்ன தேடுகிறாள் என்றும் தெரிந்தது, நான் பொறுத்திருந்தேன். காணல என்றாள் கடைசியில். பிறகு அவளே சொன்னாள், இம்புட்டுச் சிவப்புக்குள்ள செவலை எங்கன படுத்திருந்தாலும் நமக்குத் தெரியாதுல்லாக்கா.